ஆறாவது குரல்

வலது பக்கத்தில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

வீப்கே திரும்பிப் பார்க்கவில்லை. மனதுக்குள் எண்பத்தைந்து என்று எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணுகிறவள் கழுத்தைத் திருப்பினால் எண் கையை விட்டுப் போய்விடும். தாளில் கோடு போட்டுப் பிரித்த கட்டங்கள், கட்டத்துக்கு நாலு தட்டு. தொண்ணூற்று நாலு கட்டம் ஓபோ என்ற குழலை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். தொண்ணூற்றைந்தாவதில் வாசிக்க வேண்டும்.

எண்பத்தாறு. மூச்சு இழுத்த இடத்திலிருந்து இசை வந்தது. கனமான, இருண்ட, ஈரத்துணியைப் பிழிவது போன்ற ஒரு குரல். இங்கிலீஷ் ஹார்ன். ஓபோவின் அக்கா. நீளம் அதிகம், அடியில் பேரிக்காய் போல உப்பிய வாய், எப்போதும் அழுது முடித்துவிட்டுப் பேசுவது போன்ற தொண்டை. எட்டுக் கட்டம் வாசித்து அது ஓய்ந்தது. பிறகு ஒரே ஒரு கட்டம் முழு மௌனம். அறுபத்திரண்டு பேரும் கையைக் கட்டிப்போட்டது போல உட்கார்ந்திருந்தார்கள். அந்த மௌனத்தின் மறுகரையில் வீப்கே தன்னந்தனியாகத் தொடங்கினாள்.

சரியான இடம். இசைக்குழுவை நடத்தும் ஸேலர் புருவத்தை உயர்த்தித் தலையாட்டினார்.

கெர்னோட் ஹோல்வெக் என்ற கிழவர் எழுதிய உருப்படி அது. சமகால ஜெர்மன் இசைக்காரர்கள் கதவைச் சாத்துவதையும் கண்ணாடியை உரசுவதையும் சங்கீதமாக்கிக்கொண்டிருந்த காலத்தில், அவர் பிடிவாதமாக டி மைனர் சுருதியில், பழைய முறைப்படி, பெரிய இசைக்குழுவுக்கு ஒரு ஃபியூக் எழுதினார். ஒரு குரல் ஒரு வாக்கியம் சொல்லும். அது முடிந்ததும் அடுத்த குரல் அதே வாக்கியத்தைச் சொல்லும். முதல் குரல் அதற்கு எதிர்ப்பேச்சு பேசிக்கொண்டே போகும். அப்படி ஒன்றன் மேல் ஒன்றாகக் குரல்கள் ஏறி, கடைசியில் ஊரே கூடிச் சண்டை போடுவது போல ஒரு முடிவு.

இடைவேளையில் கேன்டீனில் காபி வாங்கிக்கொண்டு வீப்கே மேசைக்கு வந்தாள்.

"அந்த இங்கிலீஷ் ஹார்ன் யாரு? வெளியூர் ஆளா? என்னமா வாசிக்கிறாங்க."

இரண்டாம் பாசூன் வாசிக்கும் டீட்மார் வாயில் பிளம் கேக்கோடு நிமிர்ந்தான். ஒத்திகையில் அவள் முதுகுக்குப் பின்னால் உட்காருகிறவன். "எந்த ஹார்ன்?"

"எனக்கு வலப்பக்கம்."

"உனக்கு வலப்பக்கம் ஹீட்டர்தான் இருக்கு. அது நல்லாத்தான் வாசிக்கும், சுருதிதான் சேராது." மேசையே சிரித்தது. "இந்த உருப்படில இங்கிலீஷ் ஹார்னே கிடையாதும்மா. இருந்தா நீதானே வாசிக்கணும்? ராத்திரி என்ன குடிச்ச? பேரைச் சொல்லு, நானும் வாங்குறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். ரோஸ்வித்தா மட்டும் சிரிக்கவில்லை. காபியைக் கலக்கிக்கொண்டிருந்த அவள் கரண்டி நின்றுபோனது. பிறகு, எதுவும் நடக்காதது போல, மறுபடி சுற்றியது.

ரோஸ்வித்தா முதல் ஓபோ. வயது ஐம்பத்தெட்டு. வீப்கே தூரிங்கியா மாநிலத்தின் இந்த ஊருக்கு வந்த முதல் நாளே, "என்னை ‘நீங்க’ன்னு கூப்பிட்டா காதைத் திருகுவேன்" என்று சொல்லிவிட்டாள். ஓபோவின் வாயில் செருகி ஊதும் நாணல் சீவாளிகளைத் தானே சீவி, நல்லதை எடுத்து இவளுக்குக் கொடுப்பாள். காய்ச்சல் வந்தால் சூப்போடு வாசலில் நிற்பாள். எல்லாவற்றுக்கும் மேலே, அவள் விரல்கள். நீண்ட ஓய்வு முடியப் போகும்போது பக்கத்து ஆளுக்கு விரலால் கணக்குக் காட்டுவது வாத்தியக்காரர்களின் வழக்கம். ரோஸ்வித்தா தன் முழங்கால் மேல் பத்து விரலையும் விரித்துவைத்து, கடைசிப் பத்துக் கட்டத்துக்கு ஒவ்வொன்றாக மடக்குவாள். இந்த ஒரு வருடத்தில் ஒருமுறைகூட அந்த விரல்கள் தப்பியதில்லை.

ஒரு வருடம். அதுதான் விஷயம். வீப்கேக்கு இது சோதனை வருடம். ஞாயிற்றுக்கிழமை கச்சேரி. திங்கள் காலை பத்து மணிக்கு இதே கேன்டீனில், இதே மேசைகளில், சக வாத்தியக்காரர்கள் ரகசியச் சீட்டில் எழுதுவார்கள்: இருக்கட்டும், அல்லது போகட்டும். மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். வடக்கே ஒரு இசைக்குழு ஏற்கெனவே அவளைப் ‘போகட்டும்’ என்றிருந்தது. இரண்டாவது முறையும் அப்படி எழுதினால், முப்பத்தோரு வயது ஓபோக்காரியை நாட்டில் எந்தக் குழுவும் தேர்வுக்குக்கூட அழைக்காது. ஏழு வயதிலிருந்து இந்த ஒரு குழலைத் தவிர வேறெதையும் அவள் ஊதியதில்லை. வேறு எதுவும் தெரியாது.

வியாழக்கிழமை அந்தக் குரலுக்காகக் காத்திருந்தாள்.

நவம்பர் மாதத்துச் சாம்பல் வெளிச்சம் உயரமான ஜன்னல்களில் அழுக்குத் தண்ணீர் போலத் தேங்கி நின்றது. மெழுகு தேய்த்த மரத்தரையின் வாசனை, ஹீட்டரின் இரும்பில் சுட்ட தூசியின் வாசனை, பாசூன்காரர்களின் இருமல் மிட்டாய் வாசனை, இவை எல்லாவற்றுக்கும் அடியில், மெல்ல, தரையிலிருந்து எழுவது போல, இன்னொன்று: ஆற்றுச் சேறும் அழுகிய இலையும் கலந்த நெடி. இடப்பக்கம் ரோஸ்வித்தாவின் முதல் விரல் மடங்கியது. வலப்பக்கம் மூச்சு இழுபட்டது. இரண்டும் ஒரே கணத்தில். பல்லிடுக்கில் காற்று உரசும் சத்தம்கூடக் கேட்டது. இரண்டாவது விரல் மடங்க, குரல் தொடங்கியது.

இந்தமுறை அவள் கண்ணை மட்டும் உருட்டி வலது பக்கம் பார்த்தாள்.

ஹீட்டர். ஜன்னல். நடுவில் மூன்றடி வெறும் தரை.

வெறும் தரையிலிருந்து இங்கிலீஷ் ஹார்ன் வாசித்துக்கொண்டிருந்தது. அவள் வலது காதின் மயிர்கள் அந்த ஓசைக்கு அதிர்ந்தன. ஸேலர் பார்க்கவில்லை. டீட்மார் மூக்கைச் சொறிந்துகொண்டிருந்தான். ஒத்திகை முடிந்து எழுந்தபோது, அந்த மூன்றடித் தரையில் இரண்டு பாத அளவுக்கு ஈரம் இருந்தது. ஹீட்டர் சூட்டில் அது ஓரத்திலிருந்து சுருங்கி, அவள் பார்க்கப் பார்க்கக் காய்ந்துபோனது.

எழுந்தபோது இன்னொன்றும் கவனித்தாள். அவள் நாற்காலி ஒரு சாண் வலப்பக்கமாக நகர்ந்திருந்தது. நன்றாகக் கேட்க வேண்டும் என்று அவளேதான் நகர்த்தியிருக்க வேண்டும்.

கீழே நிலவறையில் இசைக் குறிப்புத் தாள்களைக் காக்கும் ஊலிக், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவளது தாளைப் பார்த்தார். அவள் நுழைய வேண்டிய இடத்துக்கு முன்னால், சின்ன எழுத்தில், பக்கத்து வாத்தியத்தின் ஸ்வரங்கள் அச்சாகியிருந்தன. ‘இதைக் கேட்டதும் தயாராகு’ என்பதற்கான துணை வரி. மேலே வாத்தியத்தின் பெயர்: இங்கிலீஷ் ஹார்ன்.

"பழைய தாளு," என்றார். "தொண்ணூத்தொண்ணுல முதல் தடவை இங்கதான் வாசிச்சாங்க. அப்போ இருந்துச்சு அந்தக் குரல். ஆறாவது குரல். அப்புறம் ஹோல்வெக் எழுதுனவரே அடிச்சிட்டாரு. மூலத்துல அடிச்சவரு உங்க தாள்ல இருக்கிற சின்ன எழுத்தை அழிக்கச் சொல்ல மறந்துட்டாரு. நீ சின்ன எழுத்தைப் படிச்சிட்டுக் கேட்டதா நினைச்சிருக்க. மூளை பண்ற வேலை."

"ஏன் அடிச்சாரு?"

ஊலிக் பெட்டிகளுக்கு நடுவே போனார். திரும்பி வந்து ஒரு மஞ்சள் தாளை மேசையில் வைத்தார். கடைசிப் பக்கத்தின் கீழே, எல்லா வாத்தியக்காரர்களும் செய்வது போல, வாசித்தவர் பென்சிலில் பெயரும் தேதியும் எழுதியிருந்தார். அல்முட் ரேஃபெல்ட். 24 நவம்பர் 1991.

"உன்னை மாதிரியே சோதனை வருஷம். நல்ல பிள்ளை. நல்ல வாத்தியக்காரி. முதல் ஓபோ ரிட்டையர் ஆகப்போறாரு, அடுத்து அந்த நாற்காலி அல்முட்டுக்குத்தான்னு அப்போ பேச்சு. ரெண்டாம் ஓபோ வாசிச்சது யாருன்னு நினைக்கிற? நம்ம ரோஸ்விதான். ரெண்டும் ஒட்டிப் பிறந்த மாதிரி திரியும். கச்சேரி அன்னிக்கு அல்முட் தப்பா நுழைஞ்சிடுச்சு. ரேடியோல நேரடி ஒலிபரப்பு வேற. அன்னிக்கு அது வீட்டுக்கே போகல. மறுநாள் ஓட்டு. முடிவைக் கேட்டதும் கச்சேரிக் கறுப்பு கவுனோட, கோட்டுகூட எடுக்காம வெளிய போச்சு. அவ்வளவுதான்."

"அவ்வளவுதான்னா?"

"ஆத்துல மதகு வரைக்கும் தேடினாங்க. கோட்டு இங்க ஆணியில மார்ச் மாசம் வரைக்கும் தொங்குச்சு. யாரும் எடுக்க மாட்டேன்னுட்டாங்க, கடைசில நான்தான் எடுத்தேன்." அவர் கண்ணாடியை இறக்கினார். "போ. பஸ்ஸ விட்டுறப்போற."

வீப்கே போகவில்லை. அந்தத் தாளில், ஆறாவது குரல் நுழையுமிடத்துக்கு முன்னால் இருந்த ஓய்வுக் கட்டங்களின் மேல், மங்கிய பென்சிலில் இரண்டு சொற்கள் இருந்தன. அல்முட்டின் கையெழுத்து. வேறு எந்த எண்ணும், எந்தக் குறியும் இல்லை. அவள் எண்ணவே இல்லை. எண்ண வேண்டிய அவசியம் அவளுக்கு இருந்திருக்கவில்லை.

‘ரோ. காட்டுவாள்.’

வெள்ளிக்கிழமை ரோஸ்வித்தாவே பேச்சை எடுத்தாள். சன்னமான கத்தியால் சீவாளியைச் சீவிக்கொண்டே, நிமிராமல்.

"ஊலிக்கிட்ட போனியாமே."

"ம்."

"அவ எண்ணிக்கையை விட்டுட்டா, கண்ணு. நான் சரியாத்தான் காட்டுனேன். பதட்டத்துல அவ என் கையைப் பார்க்கல. முப்பத்து மூணு வருஷமா இதை நான் சுமக்கிறேன். உனக்குப் புரியுதா?" அவள் கண்கள் உண்மையாகவே கலங்கியிருந்தன. "அந்தச் சத்தம் எனக்கும் ஒரு காலத்துல கேட்டுது. கேட்டா கேட்கட்டும். நீ அதைக் கவனிக்காதே. என் விரலை மட்டும் பாரு. ஞாயித்துக்கிழமை உன்னைக் கரை சேர்க்கிறது என் பொறுப்பு. காத்து வாத்தியக்காரங்க அத்தனை பேர் சீட்டும் உனக்குத்தான், நான் சொல்லிட்டேன்."

வீப்கே அவள் தோளில் சாய்ந்து அழுதாள். ரோஸ்வித்தாவின் ஸ்வெட்டரில் லாவண்டர் சோப்பு மணத்தது. ஒரு வருடமாக அவள் நம்பிய மணம்.

சனிக்கிழமை காலை, பெரிய ஒத்திகைக்கு அரை மணி முன்னால், கேன்டீன் மேசையில் ஒரு மாத இதழ் கிடந்தது. நாடு முழுக்க இசைக்குழுக்காரர்கள் வாங்கும் இதழ். கடைசிப் பக்கங்களில் வேலை விளம்பரங்கள் வரும். வீப்கே பழக்கத்தில் புரட்டினாள்.

அவர்கள் குழுவின் பெயர் இருந்தது. அவர்கள் ஊர். ‘இரண்டாம் ஓபோ, இங்கிலீஷ் ஹார்ன் வாசிக்கும் கடமையுடன். தேர்வு: ஜனவரி 20. விவரங்களுக்கு:’ அதன் கீழே ரோஸ்வித்தாவின் பெயர்.

திரும்பப் படித்தாள். ஓபோக்காரர்கள் இரண்டே பேர். இரண்டாம் ஓபோ அவள்தான். ஓட்டு திங்கட்கிழமை.

டீட்மார் உருளைக்கிழங்கு சாலட்டோடு வந்தவன், அவள் கையில் இருப்பதைப் பார்த்துத் தட்டை வைத்தான். நகைச்சுவைக்கு வாயைத் திறந்து, மூடிக்கொண்டான்.

"இது எப்போ குடுத்தது?" வீப்கே கேட்டாள்.

"அது... அச்சுக்குப் போகணும்னா மூணு வாரம் முன்னாடியே குடுக்கணும். சும்மா ஒரு முன்னேற்பாடு. ரோஸ்விகிட்ட ஆறு வருஷமா படிக்கிற பொண்ணு ஒண்ணு இருக்கு..." அவன் சாலட்டைப் பார்த்துப் பேசினான். "ஓட்டு உனக்குப் பாதி, எதிரா பாதின்னு நிக்குது. எல்லாம் நாளைக்கு நீ எப்படி வாசிக்கிறேங்கறதுல இருக்கு."

"உங்க எல்லாருக்கும் தெரியுமா?"

பக்கத்து மேசையில் புல்லாங்குழல்காரி எழுந்து போனாள். கிளாரினெட்காரர் நாளிதழை உயர்த்திப் பிடித்தார்.

மேடைக்குப் போகும் வழியில் ரோஸ்வித்தா ஒரு புதுச் சீவாளியை நீட்டினாள். "நாளைக்கு இதைப் போடு. வெண்ணெய் மாதிரி இருக்கு."

"ஜனவரி இருபது நல்ல நாளா, ரோஸ்வி?"

ரோஸ்வித்தாவின் கை நீட்டியபடியே நின்றது. முகம் மாறவில்லை. அதே அன்பு, அதே கலங்கிய கண், ஒரு மயிரிழைகூட நகரவில்லை.

"அதைப் பார்த்தியா? மண்டு. அது வழக்கமா போடுறது. நீ நாளைக்கு ஒழுங்கா வாசிச்சா உன்னை யாரு அனுப்பப்போறா? என் கையைப் பாரு, போதும்."

அன்றைய ஒத்திகையில் விரல்களும் குரலும் சொல்லி வைத்தது போல ஒன்றாகவே வந்தன. வலப்பக்கம் இருந்தவள், ஆம், வீப்கே இப்போது ‘அவள்’ என்றே நினைத்தாள், எட்டுக் கட்டம் வாசித்தாள், மௌனத்தில் மூச்சைப் பிடித்தாள், மூச்சை விட்டாள். அந்த வெளிமூச்சில் தொற்றிக்கொண்டு வீப்கே நுழைந்தாள். இடப்பக்கத்தைவிட வலப்பக்கம் அவளுக்குப் பாதுகாப்பாக இருந்தது. அல்முட்டுக்கும் இதையேதான் செய்தார்கள். அவள் எனக்குத் துரோகம் செய்யமாட்டாள் என்று நினைத்தாள். நாற்காலியை இன்னும் ஒரு சாண் நகர்த்தினாள்.

ஞாயிறு, நவம்பர் இருபத்து நாலு. இறந்தவர்களை நினைக்கும் ஞாயிறு. காலை பதினொரு மணிக் கச்சேரிக்கு ஊர் மொத்தமும் கல்லறைத் தோட்டத்திலிருந்து நேராக வந்திருந்தது. கறுப்புக் கோட்டுகளின் நனைந்த கம்பளி வாடையும், மலர்வளையங்களிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த ஊசியிலை மணமும், மூட்டு வலித் தைலத்தின் காரமும் கூடம் முழுக்கக் கனத்துக் கிடந்தன. மூன்றாவது வரிசையில் ஹோல்வெக் கைத்தடியில் தாடையை ஊன்றி உட்கார்ந்திருந்தார். மேடையில் எல்லோரும் கறுப்பு. வீப்கேயும் கறுப்பு.

ஃபியூக் தொடங்கியது. முதல் குரல், செல்லோக்கள். இரண்டாவது, வயோலாக்கள். மூன்றாவது, ரோஸ்வித்தா, வெண்ணெய் மாதிரி. நான்காவது, ஐந்தாவது. ஒவ்வொன்றும் அதே வாக்கியத்தைச் சொல்லி, மற்றதை மறுத்து, மற்றதின் மேல் ஏறி நடந்தது. வீப்கே இடப்பக்கம் பார்க்கப்போவதில்லை என்று முடிவு செய்திருந்தாள். சொந்தமாக எண்ணினாள். நாற்பது. ஐம்பது. ரோஸ்வித்தாவும் வாசித்து முடித்து ஓபோவை மடியில் கிடத்தினாள். அறுபது. கணுக்காலின் நரம்பில் ஒவ்வொரு தட்டாக எண்ணினாள். எழுபத்தொன்று, எழுபத்திரண்டு.

எழுபத்தாறில் வலது கை நனைந்தது.

தோளிலிருந்து முழங்கை வரை, யாரோ நனைந்த கையை அதன்மேல் ஒட்டவைத்தது போல. குளிர் எலும்புக்குப் போனது. ஆற்றுச் சேறு. அழுகிய இலை. கறுப்புத் துணியிலிருந்து நீர் சொட்டும் ஓசை, டப், டப், தாளத்துக்குச் சற்றே பிந்தி.

எழுபத்தேழா? எழுபத்தெட்டா?

எண் போய்விட்டது.

தந்திகள் ஒரே ஸ்வரத்தை நீட்டிக்கொண்டிருந்தன, பிடித்துக்கொள்ள ஒரு மேடு பள்ளம் இல்லாமல். நாளைய சீட்டுகள். பாதிப் பாதி. வேறு வழியில்லாமல் அவள் இடப்பக்கம் கண்ணை ஓட்டினாள்.

ரோஸ்வித்தாவின் முழங்கால். மூன்று விரல்கள் ஏற்கெனவே மடங்கியிருந்தன.

மூன்றா?

இரண்டாவது விரலில் குரல் தொடங்கியிருக்க வேண்டும். தொடங்கவில்லை. நான்காவது விரல் மடங்கியது. வலப்பக்கம் அமைதி. ஐந்தாவது. இதமாக, தாயின் கை போல, ஒவ்வொன்றாக. அவசரமே இல்லாமல் ரோஸ்வித்தா பொய் சொல்லிக்கொண்டிருந்தாள். முப்பத்து மூன்று வருடங்களுக்கு முன்னும் இதே முழங்கால். இதே விரல்கள்.

ஆறு.

வீப்கே கண்ணை அங்கிருந்து பிடுங்கினாள். வலப்பக்கம் சாய்ந்தாள். தலை, தோள், முழு உடம்பு. நீ காட்டு என்று மனதுக்குள் சொன்னாள். உன்னைத்தான் நம்புகிறேன். நீ காட்டு.

காதருகே மூச்சு இழுபட்டது.

அவளும் கூடவே இழுத்தாள். ஒரே மூச்சு. நெஞ்சில் காற்று நிறைந்தது, குளிர்ந்த காற்று, சேறு மணக்கும் காற்று. கைகள் தாமாக எழுந்தன. உதட்டில் சீவாளி. ஊதினாள்.

ஏன் ஊதினேன்? இன்னும் ஒன்பது கட்டம் இருக்கிறதே.

வந்த ஓசை ஓபோ இல்லை. கனமானது. இருண்டது. கையில் இருந்த குழல் நீண்டிருந்தது. அடியில், முழங்காலருகே, பேரிக்காய் போல உப்பிய வாய்.

எட்டுக் கட்டமும் வாசித்தாள். நிறுத்த முடியவில்லை. யாரும் திரும்பவில்லை. ஸேலரின் கண் அவளைக் கடந்து ஜன்னலைப் பார்த்தது. மூன்றாவது வரிசையில் கிழவர் மட்டும் விருட்டென்று தலையை நிமிர்த்தினார். அவர் பார்வை அவள் இருந்த இடத்தைத் தேடி வந்து, நின்று, நடுங்கியது. பிறகு மெல்லத் தலையைக் குனிந்துகொண்டார். கேட்காதவர் போல.

மௌனம்.

முழுக் கட்டம்.

இடப்பக்கத்தில் ரோஸ்வித்தாவின் பத்து விரலும் எப்போதோ மடங்கி முடிந்திருந்தன. பக்கத்து ஆளின் பிழை ஏன் இன்னும் விழவில்லை என்று அவள் கடைக்கண்ணால் காத்திருந்தாள். வருத்தம் காட்டத் தயாராக வைத்திருந்த முகம் அப்படியே இருந்தது.

மௌனத்தின் மறுகரையில் இரண்டாம் ஓபோ நுழைந்தது.

சுத்தமாக. சரியான இடத்தில். ஒரு நூல் முன்னே பின்னே இல்லாமல்.

வீப்கே வாசிக்கவில்லை.

அவள் நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். கறுப்பு கவுன். மேடையில் எல்லோரும் கறுப்பு. வெறும் தோள்கள் நீலம் பாய்ந்திருந்தன. கழுத்தில் ஒட்டிய கூந்தலிலிருந்து நீர் வழிந்து, முழங்கையில் திரண்டு, தரையில் சொட்டியது. ஸேலர் அவளைப் பார்த்துக் கண்ணை மூடிப் புன்னகைத்தார். பின்னால் டீட்மார் மெச்சுதலோடு காலால் தரையைத் தேய்த்தான், வாத்தியக்காரர்கள் சபாஷ் சொல்கிற விதத்தில்.

வீப்கே எழ முயன்றாள். கீழே நாற்காலி இல்லை. வெறும் தரை. முதுகில் ஹீட்டர் இருந்தது. சூடு இல்லை. கத்த முயன்றாள். உதடு சீவாளியிலிருந்து பிரியவில்லை. என்னைப் பார் என்று அந்தப் பெண்ணிடம் நினைத்தாள். உன்னை நம்பினேனே.

அவள் பார்க்கவில்லை. ஒரு கணம்கூட. அவளுக்கு வீப்கேயிடம் எந்த வேலையும் இருக்கவில்லை.

ரோஸ்வித்தா திரும்பினாள்.

முகத்திலிருந்து முதலில் நிறம் போனது. பிறகு அன்பு. வாய் திறந்தது. ஆனால் அவளது நுழைவுக்கு நான்கு கட்டமே இருந்தது. இத்தனை வருடப் பழக்கத்தில் கைகள் தாமாகவே ஓபோவை உயர்த்தின. உதடு தானாகவே சீவாளியைக் கவ்வியது. மூன்று. இரண்டு. ஒன்று. அவள் வாசித்தாள். விரிந்த கண்களை அகற்றாமல், கன்னத்தில் கண்ணீர் வழிய வழிய, ஒரு ஸ்வரமும் பிசகாமல் வாசித்தாள்.

பக்கத்தில் இருந்தவள் பழைய தோழியின் பக்கம் நாற்காலியை ஒரு சாண் இழுத்துப் போட்டுக்கொண்டாள். தோளோடு தோள் ஒட்டியது. அவள் கூந்தலின் நீர் ரோஸ்வித்தாவின் கழுத்துக்குள் இறங்கியது. இரண்டு ஓபோக்களும் ஒன்றையொன்று மறுத்து, ஒன்றன் மேல் ஒன்று ஏறி, உயரே, இன்னும் உயரே போயின. ரோஸ்வித்தா மூச்சு எடுக்க வாயைத் திறந்த ஒவ்வொரு முறையும், உள்ளே போவது காற்றாக இல்லை.